நிழலும் ஒரு தர்மமே

 

கடுங்கோடையில் லுஹர் தொழுகையை வெப்பம் தணியும்வரை சற்றுப் பிற்படுத்தித் தொழுவது விரும்பத்தக்கது என்று நாம் சிறு வயதில் மதரஸாவில் ஓதியிருக்கிறோம். ஒரு பிரயாணத்தில் முஅத்தின் பாங்கு சொல்ல முற்பட்டபோது, வெப்பம் தணியட்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை நிறுத்தினார்கள். மேடுகளின் நிழல் கண்ணில் படும்வரை தாமதித்தார்கள். இதை அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஷாஃபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் இந்தச் சலுகைக்குச் சில நிபந்தனைகளைக் கூறுகின்றன. ஊர் வெப்பமான ஊராக இருக்க வேண்டும். தொழ வருபவர் ஜமாஅத்தை நாடித் தூரத்திலிருந்து வருபவராக இருக்க வேண்டும். அவர் வருகிற வழியில் ஒதுங்கி நடக்க நிழல் இல்லாதிருக்க வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையில் சற்று நின்று யோசியுங்கள். பள்ளிக்கு நடந்து வருகிற ஒருவருக்கு வழியில் நிழல் உண்டா இல்லையா என்பதை, தொழுகை நேரத்தைப் பற்றிய சட்டத்திலேயே நம் முன்னோர்கள் கவனித்திருக்கிறார்கள். நாம் கவனிக்கிறோமா? நம் பள்ளிவாசல்களில் மின்விசிறி இருக்கிறது. பல இடங்களில் குளிர்சாதனமும் வந்துவிட்டது. ஆனால் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை உள்ள தெருவில் தலைக்கு மேல் ஓர் இலை உண்டா? இந்த மாதப் பாடத்தில் இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறோம்.

நம் ஊரின் வெயில்

நாம் வசிக்கும் திருநின்றவூர், சென்னை சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஊர். பக்கத்து ஆவடி 2019-இல் மாநகராட்சியாயிற்று. நம் ஊர்ப் பேரூராட்சி 2021-இல் நகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின, மண் தெருக்கள் சிமெண்டுத் தெருக்களாயின, ஓட்டு வீடுகள் தளம் போட்ட மாடி வீடுகளாயின. இதைக் குறையாகச் சொல்ல வரவில்லை. நாமும் அப்படி மனை வாங்கிக் குடியேறியவர்கள்தாம். ஆனால் அதனால் என்ன நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

வெயிலில் காய்ந்த தார்ச்சாலையும் கான்கிரீட் தளமும் பகலெல்லாம் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் மெல்ல மெல்ல வெளியே விடுகின்றன. அதனால்தான் இஷாவுக்குப் பிறகும் மாடி அறையில் படுக்க முடிவதில்லை. திறந்த மண்ணும் மரமும் உள்ள இடத்தில் அந்தி சாய்ந்ததும் இறங்கும் குளிர்ச்சி, கட்டடம் நெருங்கிய இடத்தில் இறங்குவதில்லை. இது போதாதென்று நம் வட்டாரத்துக்கு வேறொரு குறையும் உண்டு. ராயபுரத்திலும் மயிலாப்பூரிலும் பெரும்பாலான நாட்களில் நண்பகல் வாக்கிலேயே கடற்காற்று வீசத் தொடங்கிவிடும். அது அம்பத்தூர், ஆவடியைக் கடந்து நம்மிடம் வந்து சேர்வதற்குள் பிற்பகல் கழிந்துவிடுகிறது. சில நாட்களில் வந்து சேர்வதேயில்லை.

வெயில் என்றால் வியர்வைதானே என்று எண்ண வேண்டாம். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரி பதிவாயிற்று. அகமதாபாத் நகரில் 2010 மே மாதத்து வெப்ப அலையின்போது வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் கூடுதலாக மரணமடைந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதன்பின் அந்நகரம் 2013-இல் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனியே ஒரு செயல் திட்டம் வகுத்தது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. புயலையும் வெள்ளத்தையும் போல வெயிலும் ஒரு பேரிடர் என்று எழுதப்பட்டுவிட்ட காலத்தில் நாம் வாழ்கிறோம். பூமியின் வெப்பம் உயர்ந்துகொண்டே போகையில், இனி வரும் கோடைகள் சென்ற கோடைகளைவிட இலேசாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

இந்த வெயில் எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. காரில் போகிறவருக்கு அது கண்ணாடிக்கு வெளியே இருக்கிறது. ரயிலடியில் பழம் விற்கும் தாய்க்கும், நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பேருந்துக்காகக் கைக்குழந்தையோடு நிற்கும் சகோதரிக்கும், சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், தடியூன்றி லுஹருக்கு வரும் முதியவருக்கும் அது உச்சந்தலையில் இறங்குகிறது. பொது இடத்து நிழல் இவர்களுடைய சொத்து. மக்கள் ஒதுங்கும் நிழலில் மலஜலம் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சாபத்துக்குரிய செயல்களில் ஒன்றாக எண்ணி எச்சரித்தார்கள். நிழலைக் கெடுப்பது அத்தனை பெரிய குற்றமென்றால், நிழலை உண்டாக்குவது எத்தகைய நன்மையாக இருக்கும்!

நாம் செய்த தவறு

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நம் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் நம் மஹல்லாவின் வாலிபர்களும் சேர்ந்து, ஜூன் மாதத்து ஜும்ஆ ஒன்றுக்குப் பின், பள்ளியின் வெளிப்புறத்திலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் நாற்பது மரக்கன்றுகள் நட்டோம். பிரசங்கம் நடந்தது, புகைப்படம் எடுத்தோம், சர்பத் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

வயோதிகர் ஒருவர் மட்டும் அன்று எங்களிடம், "தம்பிகளா, நட்டது சரி. தண்ணி ஊத்துறது யாரு?" என்று கேட்டார். "இன்ஷா அல்லாஹ், எல்லாரும் ஊத்துவோம் அத்தா" என்றோம். எல்லோரும் என்றால் ஒருவரும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த ரமலானில் எண்ணிப் பார்த்தபோது உயிரோடு இருந்தவை மூன்று. சிலவற்றை மாடு கடித்திருந்தது. சில மழைநீர் தேங்கி அழுகியிருந்தன. பெரும்பாலானவை காய்ந்து போயிருந்தன. பிழைத்த மூன்றும் ஒரே இடத்தில் வரிசையாக நின்றன. ஒளுச் செய்யும் தண்ணீர் வெளியேறும் கால்வாயில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. அதன் வழியே கசிந்த தண்ணீர்தான் அவற்றைக் காப்பாற்றியிருந்தது. நம் பிரசங்கம் வளர்க்காத மரத்தை நம் ஒளுத் தண்ணீர் வளர்த்திருந்தது!

அந்த மூன்று புங்க மரங்களின் அடியில்தான் இன்று செருப்புகளைக் கழற்றி வைக்கிறோம். கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் அல்லாஹ்வின் நாட்டப்படி அதன் நிழலில் உட்காராமலேயே காலமாகிவிட்டார். கடைசி இரண்டு கோடைகளில், அக்னி நட்சத்திர நாட்களில், அவரால் லுஹருக்குப் பள்ளிக்கு வர முடியவில்லை. நாற்பதும் பிழைத்திருந்தால் அவர் வந்திருப்பாரோ என்ற எண்ணம் இன்றும் நம் மனதை அறுக்கிறது.

ஆகவே இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்: நடுவது ஒரு நாள் வேலை, வளர்ப்பது மூன்று கோடைகளின் வேலை. நன்மை முழுமையாவது வளர்ப்பதில்தான். நிய்யத்து வைத்துத் தக்பீர் கட்டியவர் ஸலாம் கொடுக்கும்வரை தொழுகையில் இருக்க வேண்டுமல்லவா? கன்று நடுவது தக்பீர் போன்றது.

மரம் எப்படிக் குளிர்விக்கிறது?

வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைகள் ஆவியாக வெளியிடுகின்றன. தண்ணீர் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். ஆனால் நம் ஊர் வெப்பம் புழுக்கம் கலந்தது. ஈரக் காற்றில் இந்த ஆவியாதல் ஓரளவுதான் உதவும். ஆகவே நமக்கு மரத்தின் பெரிய உபகாரம் அதன் நிழலே. தலையில் இறங்கும் வெயிலையும், தரை சூடேறி எழும்பும் அனலையும் அது ஒன்றாகத் தடுத்துவிடுகிறது. காற்றின் வெப்பம் ஓரிரு டிகிரி குறைந்தாலும், நிழலில் நிற்பவரின் உடல் உணரும் வேறுபாடு அதைவிடப் பன்மடங்கு.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. ஊருக்கு வெளியே எங்கோ ஆயிரம் மரம் இருப்பதைவிட, மனிதர் நடக்கும், நிற்கும், காத்திருக்கும் இடத்தில் பத்து மரம் இருப்பது நண்பகல் வெயிலுக்கு அதிகம் பயன் தரும்.

எந்த இடம்?

பள்ளிவாசல் முற்றம், கபுர்ஸ்தான், பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம், ரயிலடிக்குப் போகும் பாதை, ஏரிக்கரை ஆகியவை நம் கவனத்துக்குரிய இடங்கள். பேருந்து நிறுத்தத்தில் நடுவதானால் மேற்குப் பக்கத்தில் நடுங்கள். மே மாதத்து நண்பகலில் சூரியன் நம் ஊரில் ஏறக்குறைய உச்சியில் நிற்கும். மக்களை வாட்டுவது இரண்டு மணிக்குப் பிறகு மேற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில்.

நம் கபுர்ஸ்தான்கள் பலவற்றில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மய்யித்தை அடக்கம் செய்ய வருகிறவர்கள் முள்ளை ஒதுக்கி நடந்து, மொட்டை வெயிலில் நின்று துஆச் செய்கிறார்கள். கட்டடம் நெருங்கிய நகரங்களில் கட்டப்படாமல் எஞ்சியிருக்கும் திறந்த மண் சில வேளைகளில் கபுர்ஸ்தான் மட்டுமே. முத்தவல்லியின் அனுமதியோடு முள்ளை அகற்றி, கபுருகளுக்கு இடையூறில்லாமல் சுற்றுச்சுவர் ஓரமாக வேம்பும் புங்கனும் வைத்தால், உயிரோடிருப்பவருக்கு நிழலாகும். அந்தத் தெருவுக்கே குளிர்ச்சியாகும்.

பாதையை அடைத்து நடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வழியில் மக்களுக்குத் தொல்லையாயிருந்த மரத்தை வெட்டி அகற்றிய ஒரு மனிதர் சுவனத்தில் இருப்பதைக் கண்டதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது முஸ்லிம் கிரந்தத்தில் வந்திருக்கிறது. மரம் நல்லதுதான், தப்பான இடத்தில் நின்றால் அதுவும் தொல்லையே. சாலையிலும் அரசு நிலத்திலும் நடுவதற்கு நகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ கேட்டுச் செய்யுங்கள். வளர்ந்தபின் வெட்டு விழாமலிருக்க அதுவே பாதுகாப்பு.

எந்த மரம்?

வர்தா புயல் 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கியபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்காகவும் விரைவான வளர்ச்சிக்காகவும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட குல்மோகர், தூங்குமூஞ்சி, மஞ்சள் பூப் பூக்கும் இயல்வாகை போன்றவை அவற்றில் அதிகம். வேர் ஓட இடமில்லாமல், அடிமரம்வரை சிமெண்டு பூசப்பட்ட மரங்களும் எளிதில் விழுந்தன. இதிலிருந்து நாம் படிப்பினை பெற வேண்டும்.

நடைபாதைக்கும் பள்ளி முற்றத்துக்கும் வேம்பும் புங்கனும் முதல் தரம். இவ்விரண்டும் கோடை தொடங்கும்போது பழைய இலையை உதிர்த்துப் புது இலை விடுகின்றன. வெயில் உச்சத்தை அடையும்போது நிழல் அடர்ந்திருக்கும். தண்ணீர் தேங்கும் தாழ்வான இடத்துக்கு நாவலும் நீர்மருதும் ஏற்றவை, புங்கனும் தாங்கும். மின்கம்பிக்குக் கீழே உயரமாக வளரும் மரத்தை வைத்துவிட்டுப் பிறகு ஆண்டுதோறும் தலையை வெட்டுவதைவிட, சரக்கொன்றை, மந்தாரை போன்ற சிறிய மரங்களை வைப்பது அறிவுடைமை. ஆலும் அரசும் ஏரிக்கரையிலும் மைதானத்திலும் இருக்கட்டும், சுவரோரத்தில் வேண்டாம். விரைவாக வளர்கிறது என்று கோனோகார்பஸ் என்னும் அந்நியச் செடியை வாங்கி வைப்பவர்கள் உண்டு. குஜராத் அரசு 2023-இல் அதற்குத் தடை விதித்தது. நாமும் அதை விட்டுவிடுவது நல்லது.

எப்போது, எப்படி?

நாம் ஜூனில் நட்டது முதல் தவறு. நம் பகுதிக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான். புரட்டாசியில் நட்டால் மூன்று மாத மழையில் வேர் இறங்கிவிடும். முதல் கோடையைச் சந்திக்கும் பலம் கன்றுக்கு வந்துவிடும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டரை அடிக்குக் குறையாமல் குழி எடுங்கள். கட்டட இடிபாடும் பிளாஸ்டிக்கும் இருந்தால் அகற்றி, நல்ல மண்ணும் மக்கிய தொழு உரமும் கலந்து நிரப்புங்கள். பொது இடத்துக்குச் சாண் உயரக் கன்று பயன்படாது. ஆளுயரக் கன்றாகப் பார்த்து வாங்குங்கள். ஆடு மாடு அணுகாதபடி கூண்டு வையுங்கள். மரம் பருத்ததும் அந்தக் கூண்டை எடுத்துவிட மறவாதீர்கள். இல்லையேல் இரும்பு மரத்துக்குள் புதைந்துவிடும். தண்ணீர் நிற்கும் தெருவானால் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடுங்கள்.

கோடையில் வாரத்துக்கு இருமுறையாவது ஒரு குடம் தண்ணீர் ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். தினமும் கையளவு தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். பின்னால் காற்றுக்குத் தாங்காது. உதிர்ந்த சருகைக் கொளுத்தாமல் மரத்தடியிலேயே பரப்பி வைத்தால் ஈரம் காக்கும். அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது சிமெண்டு பூசாமல் விடுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி நகருக்கு இட்ட உத்தரவும் இதே அளவைத்தான் கூறியது. விளம்பரப் பலகைக்காக மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். நம் மார்க்கக் கூட்டத்து விளம்பரமானாலும் ஆணி ஆணிதான்.

ஒளுத் தண்ணீர்

ஒருவர் குழாயைத் திறந்து ஒளுச் செய்ய ஐந்து லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் தொழும் பள்ளியில் ஒரு வக்துக்கு 500 லிட்டர். ஐந்து வக்துக்கும் 2,500 லிட்டர். சோப்புக் கலக்காத இந்தத் தண்ணீர் பெரும்பாலும் சாக்கடையில்தான் போய்ச் சேருகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் 2019 கோடையில் வறண்டு, சென்னை முழுவதும் குடத்தோடு அலைந்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

ஒளுச் செய்யும் இடத்திலிருந்து ஒரு குழாய் வைத்து, சல்லியும் மணலும் நிரப்பிய தொட்டி வழியாக மரங்களின் அடிக்குக் கொண்டு போனால் போதும். கொத்தனாருக்கு இரண்டொரு நாள் வேலை. அதே சமயம், தண்ணீர் மரத்துக்குத்தானே போகிறது என்று குழாயைத் தாராளமாகத் திறந்துவிட வேண்டாம். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் விரயம் செய்யாதே என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுக்கம்.

சில சந்தேகங்கள்

ஒளுச் செய்த தண்ணீரை மரத்துக்கு விடலாமா? விடலாம். அது மறுபடி ஒளுச் செய்யப் பயன்படாது என்றாலும், அசுத்தமான தண்ணீரல்ல. ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளிலும் இதுவே ஏற்கப்பட்ட தீர்ப்பு.

ஸகாத்துப் பணத்தில் மரம் நடலாமா? கூடாது. ஸகாத்துக்குரிய எட்டு வகையினர் குர்ஆனில் குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். அது அவர்கள் கைக்குச் சேர வேண்டும். மரத்துக்கு ஸதகாவாகக் கொடுங்கள். மறைந்த தாய் தந்தையர் பேரில் ஒரு மரத்தின் மூன்றாண்டுச் செலவை ஏற்றுக்கொள்வது அழகிய காரியம்.

மரத்தின் நிழலில் நிற்பவர் வேறு மதத்தவராயிருந்தால் நன்மை உண்டா? ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு தர்மமாகும் என்று வந்துள்ள ஹதீதில், மனிதன் என்று பொதுவாகவே இருக்கிறது. காக்கைக்கும் கன்றுக்குமே நன்மை எழுதப்படும்போது, அடுத்த வீட்டுச் சகோதரருக்கு எழுதப்படாதா?

செய்து காட்டியவர்கள்

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கோட்டூர்புரம் போய்ப் பார்க்கலாம். அடையாற்றங்கரையில் குப்பையும் இடிபாடும் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தில், 'நிழல்' என்ற பெயருடைய தன்னார்வ அமைப்பு 2006-இல் மரப்பூங்கா அமைக்கத் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் வந்து களையெடுத்துத் தண்ணீர் ஊற்றிய சாதாரண மக்களின் உழைப்பில் அது தோப்பாக நிற்கிறது. அதே கோட்டூர்புரத்தில் 2020-இல் சென்னை மாநகராட்சி, ஜப்பானியத் தாவர அறிஞர் அகிரா மியாவாக்கி வகுத்த முறைப்படி, நெருக்கமாக நட்டு வளர்க்கும் சிறு காட்டை அமைத்தது. பயனற்றுக் கிடக்கும் மூலை நிலத்துக்கு இந்த முறை நல்லது. ஆனால் அதன் உள்ளே மனிதர் நின்று இளைப்பாற இடமிராது; நடைபாதைக்கு இடைவெளி விட்டு நட்ட நிழல் மரமே வேண்டும்.

நம் தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்று வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1963-இல் மரம் நடும் இயக்கம் தொடங்கியது. 1971 முதல் ஆண்டுதோறும் நவம்பரில், மழைக்காலத்தைப் பார்த்து, மரம் நடும் நாள் வைத்தார்கள். நட்ட மரத்தைப் பராமரிக்கத் தனித் துறையும் ஆட்களும் வைத்தார்கள். 1975-இல் மரங்களைக் காக்கச் சட்டமும் செய்தார்கள். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் அந்நகரத்தின் சாலைகளில் நிழலில் நடக்க முடிகிறதென்றால், அது நட்டதால் மட்டும் வந்ததன்று. விடாமல் வளர்த்ததால் வந்தது.

இம்மாதச் செயல்

நாமும் மறுமுறை தொடங்கியபோது நாற்பது நடவில்லை, ஒன்பதுதான் நட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்கி, பெயரைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதினோம். ஒன்பதில் ஏழு பிழைத்திருக்கின்றன. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் ஏழும் மரங்கள், புகைப்படங்கள் அல்ல.

வாசக சகோதரர்களே! இந்த மாதம் ஒரு நாள், லுஹருக்குப் போகும்போது உங்கள் வீட்டிலிருந்து பள்ளிவரை நிழலில்லாத தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு கன்று, மூன்று கோடை. கியாமத்து நாள் நெருங்கிவிட்ட நிலையிலும் கையில் கன்று இருந்தால் நட்டுவிடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பலனைப் பார்க்க நாம் இருப்போமா என்ற கணக்கு அதில் இல்லை. நாம் உட்காராத நிழலில் நமக்குப் பின்னால் வருகிறவர் உட்காரட்டும்.

அர்ஷின் நிழலைத் தவிர வேறு நிழலில்லாத அந்நாளில் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நிழல் தருவானாக! இவ்வுலகில் அவனுடைய படைப்புகளுக்கு நிழல் தரும் தௌஃபீக்கையும் நமக்கு அருள்வானாக! ஆமீன்.